அறிமுகமாகாத ஸ்போர்ட்ஸ் காருக்கு ராமநாதபுரம் கரையிலிருந்து காத்திருப்போருக்கு: வதந்தி முதல் ஆர்சி வரை

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் பல வீடுகளில் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ மலேசியாவிலோ இருக்கிறார். அங்கே சாலையில் பார்த்த கார்கள் மேல் ஆசை வந்து, அடுத்த மாடல் எப்போது வரும், இந்தியாவுக்கு வருமா என்று ராத்திரி எல்லாம் தேடுகிறவர்கள் நம்மில் நிறைய. துபாயில் இருக்கும் என் சின்னம்மா மகனும் அப்படித்தான். விலைகூட அறிவிக்காத ஒரு காருக்கு அவன் பெயரைப் பதிவதில் தொடங்கி, ஆர்சி கைக்கு வரும் வரை ஊரிலிருந்து அலைந்தது நான். யாரிடம் கேட்டாலும் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில்தான் கிடைத்தது. முழு வரிசையையும் சொல்ல ஆள் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு கார் வருவதற்கு முன்னால் அதைப் பற்றி ஊகம் செய்வது எனக்கும் பிடிக்கும். என்ன இன்ஜின், மேனுவல் கியர் உண்டா, எடை எவ்வளவு என்று பேசுவதில் உள்ள சந்தோஷம் கார் வந்த பிறகு கிடைப்பதில்லை. ஆனால் பேச்சிலிருந்து பணத்துக்குப் போகும் இடத்தில் நிதானம் வேண்டும். எந்தச் செய்தியை நம்பி எவ்வளவு பணம் வைக்கலாம் என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

1. வந்த செய்தி எந்தப் படியில் இருக்கிறது என்று பாருங்கள்

கான்செப்ட் கார் என்பது முதல் படி. கண்காட்சி மேடையில் சுற்றும் அந்தக் கார் அப்படியே விற்பனைக்கு வருவது அபூர்வம். டொயோட்டா 2014 ஜனவரியில் டெட்ராய்ட்டில் எஃப்டி-1 என்ற கான்செப்டைக் காட்டியது. அடுத்த சுப்ரா இதுதான் என்று உலகமே பேசியது. விற்பனைக்கான சுப்ரா வெளிவந்தது 2019 ஜனவரியில்; இன்ஜின் பிஎம்டபிள்யூவுடையது, தயாரிப்பு ஆஸ்திரியாவில். இடையில் எழுதப்பட்ட இன்ஜின் ஊகங்களில் பெரும்பாலானவை பொய்த்துப்போயின. மஸ்டா 2015-ல் காட்டிய ஆர்எக்ஸ்-விஷன் இன்று வரை ஷோரூமுக்கே வரவில்லை. கான்செப்டைப் பார்த்து ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்க வேண்டாம்.

பெயர்ப் பதிவும் வடிவப் பதிவும் அடுத்தது. "இந்தியாவில் டிரேட்மார்க் வாங்கிவிட்டார்கள், அப்படியானால் வருகிறது" என்ற செய்தியை அடிக்கடி பார்ப்பீர்கள். வேறொருவர் அந்தப் பெயரையோ வடிவத்தையோ எடுத்துக்கொள்ளாமல் இருக்கத்தான் நிறுவனங்கள் பல நாடுகளில் பதிவு செய்து வைக்கின்றன. விற்கும் எண்ணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

மூன்றாவது, ஒளிந்து எடுத்த படங்கள். வடிவத்தை மறைக்கக் கறுப்பு வெள்ளைச் சுழல் ஸ்டிக்கர் ஒட்டிய கார் ஒரகடம் பக்கமோ செய்யாறு பக்கமோ ஓடுவதை யாராவது படம் எடுத்துப் போடுவார்கள். ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது, செய்யாறில் மஹிந்திராவின் சோதனைத் தடம் இருக்கிறது. அதனால் சென்னையைச் சுற்றி இப்படிப்பட்ட கார்கள் தென்படுவது சகஜம். படத்தில் உடல் வடிவத்தை நம்பாதீர்கள். போலிப் பிளாஸ்டிக் பலகைகளை உள்ளே வைத்துத்தான் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சக்கரம், பிரேக் டிஸ்க் அளவு, சைலன்சர் குழாய், ஸ்டியரிங் எந்தப் பக்கம், இவற்றைப் பாருங்கள். முகப்பு விளக்கும் பின்விளக்கும் தற்காலிகமானவையாக இல்லாமல் கடைக்கு வரும் விளக்காகவே இருந்தால் வேலை முடியும் நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். வெளிநாட்டு மாடல் இங்கே ஓடுகிறது என்பதற்காக மட்டும் இங்கே விற்பனை உறுதி ஆகிவிடாது. உதிரிப்பாகம் ஒன்றைச் சோதிக்கக்கூட ஒரு காரைக் கொண்டுவருவார்கள்.

நான்காவது, வகை ஒப்புதல் ஆவணம்; அதாவது இந்த மாடல் இந்திய விதிகளுக்கு ஒத்துவருகிறது என்ற சான்று. ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை அமைப்புகள் சோதித்துத் தரும் இந்தத் தாள் வெளியே கசிந்தால் நீளம், அகலம், இன்ஜின் அளவு, சக்தி எல்லாம் அதில் இருக்கும். ஊகத்துக்குக் கிடைக்கும் தாள்களில் இதுவே உறுதியானது. ஆனால் இந்தத் தாள் வரவில்லை என்பதால் கார் வராது என்று முடிவு கட்டாதீர்கள். காரணம் கீழே இரண்டாம் பகுதியில் வருகிறது.

நிறுவனமே சொல்லும் எண்களையும் கவனித்துப் படியுங்கள். 2025 டிசம்பரில் டொயோட்டா ஜிஆர் ஜிடி என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டியபோது 650 பிஎஸ் சக்தி, 850 நியூட்டன் மீட்டர் டார்க் என்ற எண்களை வளர்ச்சி இலக்கு என்றே சொன்னது. விற்பனை 2027 வாக்கில் என்றது. செய்தி கைமாறி வரும்போது "இலக்கு" என்ற சொல் காணாமல் போய்விடுகிறது. டெஸ்லா ரோட்ஸ்டர் இன்னும் பெரிய பாடம். 2017 நவம்பரில் காட்டி, 2020-ல் வரும் என்று சொல்லி, 50,000 டாலர் முன்பணம் வாங்கினார்கள். சொன்ன ஆண்டு போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் ஒருவருக்கும் கார் வரவில்லை. பெரிய நிறுவனம் மேடையில் சொன்ன தேதிகூட வெறும் தேதிதான்.

2. இந்தியாவுக்கு வருமா என்பதைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள்

உலக அறிமுகமும் இந்திய அறிமுகமும் ஒன்றல்ல. முதலில் வலப்பக்க ஸ்டியரிங் தயாரிக்கிறார்களா என்று பாருங்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளுக்கு அறிவித்திருந்தால் பெரும்பாலும் வலப்பக்க ஸ்டியரிங் உண்டு. அது இல்லாத மாடலை நம் சாலையில் பார்க்கும் ஆசையை விட்டுவிடலாம்.

அடுத்தது 2018-ல் வந்த விதி. ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 கார்கள் வரை இந்தியாவில் மறுபடி வகை ஒப்புதல் வாங்காமல் இறக்குமதி செய்யலாம். ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களின் தரச் சான்று இருந்தால் போதும். ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் இந்த வழியில்தான் வருகின்றன. அதனால்தான் ஒப்புதல் தாள் கசியாமலேயே திடீரென்று முன்பதிவு திறக்கிறது. 2025-ல் ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜிடிஐ வந்தபோது முதல் தொகுதி 150 கார்கள். விலை 53 லட்சம் என்று அறிவிக்கும் முன்பே தீர்ந்துவிட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்கோடாவின் ஆக்டேவியா ஆர்எஸ் வந்தது. மொத்தமே 100. அதுவும் விலை அறிவிப்புக்கு முன்பே முடிந்துபோனது. இப்படிப்பட்ட காருக்கு ஆசைப்படுகிறவர்கள் விலை வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அறிமுகத்துக்கு முன்பே கணக்கும் காகிதங்களும் தயாராக இருக்க வேண்டும்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "அங்கேயே வாங்கிக் கப்பலில் ஏற்றிவிடலாமே" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அங்குள்ளவை இடப்பக்க ஸ்டியரிங் கார்கள். புதிதோ பழையதோ, அவற்றை இறக்குமதி செய்து இங்கே பதிவு செய்ய அனுமதி இல்லை. கார்னே என்ற பயண ஆவணத்தில் கொண்டுவந்தால் குறித்த காலத்துக்குள் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும்.

3. விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்

வெளிநாட்டு விலையை ரூபாயாக மாற்றி, "இவ்வளவுதானா" என்று நினைப்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். முழுதாகக் கட்டி வரும் பெட்ரோல் கார் ஒன்றின் மதிப்பு, கப்பல் செலவும் காப்பீடும் சேர்த்து, 40,000 டாலருக்கு மேல் இருந்தால் சுங்கம் சுமார் 110 சதவீதம். அதற்குக் கீழே, இன்ஜின் 3,000 சிசிக்குள் இருந்தால் சுமார் 70 சதவீதம். சுங்கம் சேர்ந்த தொகையின் மேல் ஜிஎஸ்டி 40 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த விகிதம். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான்.

40 லட்சம் மதிப்புள்ள ஒரு கார் துறைமுகத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். சுங்கம் 44 லட்சம். ஆக 84 லட்சம். அதன் மேல் ஜிஎஸ்டி 33 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 1 கோடியே 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதில் நிறுவனத்தின் லாபமும் டீலரின் லாபமும் இன்னும் சேரவில்லை. பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் போன்றவற்றால் சுங்கம் மாறும் என்பதால், கணக்குப் போடும் நாளில் விகிதத்தை ஒருமுறை சரிபாருங்கள்.

ஷோரூம் விலை வந்த பிறகு நம் மாநிலச் சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டும் எந்தக் காருக்கும் டிசிஎஸ், அதாவது விற்பவரே நம்மிடம் வசூலித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் தொகை, 1 சதவீதம் உண்டு. 50 லட்சம் ரூபாய்க் காருக்கு வரி 10 லட்சம், டிசிஎஸ் 50 ஆயிரம். இன்சூரன்ஸ் இல்லாமலே 60 லட்சத்து 50 ஆயிரம். டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கலாம். ஆனால் பில் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பான் எண்ணில்தான் அது ஏறும். வெளிநாட்டில் இருக்கும் மகன் பணம் அனுப்ப, ஊரில் அம்மா பெயரில் கார் எடுத்தால், அம்மா கணக்குத் தாக்கல் செய்தால்தான் அந்தப் பணம் திரும்ப வரும்.

காரைக்காலிலோ புதுச்சேரியிலோ பதிவு செய்தால் வரி மிச்சம் என்று ஒரு யோசனை கட்டாயம் உங்கள் காதுக்கு வரும். அந்த வண்டியை இங்கேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும், வரியும் கட்டியாக வேண்டும். அங்கே முகவரி இல்லாமல் முகவரிச் சான்று தயாரிப்பது குற்றம். இதில் இறங்க வேண்டாம்.

4. முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பதிவில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆர்வப் பதிவு; பெயர், போன் எண் கொடுத்தால் போதும், பணம் இல்லை. இதை எந்தக் கட்டத்திலும் செய்யலாம். இன்னொன்று, நிறுவனம் அதிகாரபூர்வமாகத் திறக்கும் முன்பதிவு. இதற்கு நடுவில் சில ஷோரூம்களில் மூன்றாவதாக ஒன்று நடக்கிறது: நிறுவனம் எதுவும் அறிவிக்காத நிலையில், "எங்கள் வரிசையில் உங்கள் பெயர் முதலில் இருக்கும், கொஞ்சம் பணம் போட்டுவையுங்கள்" என்பார்கள். எங்களிடமும் ஒரு விற்பனைப் பிரதிநிதி இப்படித்தான் கேட்டார். ரசீது எந்தப் பெயரில், எந்த மாடலுக்கு, எந்த ஆண்டுக்கு என்று எழுதிக் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். கார் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் பதிவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் பணமும் வேண்டாம்.

அதிகாரபூர்வ முன்பதிவிலும் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பணம் திரும்பக் கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் ரத்து செய்தால் முழுதாகக் கிடைக்கும், விலை அறிவித்த பிறகு பிடிக்கவில்லை என்றால் என்ன, நிறமும் வேரியண்டும் மாற்றலாமா, நிறுவனம் அறிமுகத்தைத் தள்ளிப்போட்டால் என்ன. எண்ணிக்கை குறைவாக வரும் கார்களுக்கு முன்பணம் லட்சங்களில் இருக்கும், அதைத் திருப்பித் தருவதில்லை என்ற நிபந்தனையும் இருக்கலாம். விலை தெரியாமல் அப்படிப்பட்ட பணத்தைக் கட்டுகிறீர்கள் என்றால், மேலே சொன்ன கணக்கில் வரும் அதிகபட்சத் தொகைக்கும் மனம் ஒப்புகிறதா என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுக் கட்டுங்கள்.

பணத்தை டீலர் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். விற்பனையாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வேண்டவே வேண்டாம். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. ரொக்கம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்பணத்தின் மேல் ஜிஎஸ்டி பிடிப்போம் என்றால் அதுவும் தவறு. பொருள் விற்பனைக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை, பில் போடும்போதுதான்.

5. காகிதங்களை அறிமுகத்துக்கு முன்பே எடுத்து வையுங்கள்

பான், ஆதார், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள். கடன் எடுப்பதாக இருந்தால் வருமானச் சான்றும் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும். விலை அறிவிக்காத காருக்கு வங்கி கடன் தராது. ஷோரூம் விலை விவரம் எழுதித் தரும் ப்ரொஃபார்மா இன்வாய்ஸ் கையில் வந்த பிறகே கடன் நகரும். வங்கியில் முன்கூட்டியே பேசி, என்ன என்ன வேண்டும் என்ற பட்டியலை மட்டும் வாங்கி வைத்திருங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் எடுப்பதாக இருந்தால் ஆதாரோடு இணைந்த போன் எண் இப்போது வேலை செய்கிறதா என்று இன்றே பாருங்கள். எங்கள் அலைச்சலில் அதிக நாள் தின்றது இதுதான். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட இந்திய சிம் செத்துப்போயிருக்கும், ஓடிபி வராது, ஓடிபி இல்லாமல் ஆர்டிஓ வேலை நகராது. எண்ணை மாற்றப் பெரும்பாலும் அவரே நேரில் இருக்க வேண்டியிருக்கும். விடுமுறைக்கு வரும் நாளில் முதல் வேலையாக இதை முடித்துவிடச் சொல்லுங்கள்.

அவருக்காக ஊரில் ஒருவர் கையெழுத்திட வேண்டும் என்றால் பவர் பத்திரம் வேண்டும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். தபாலில் வந்த உறையையும் பத்திரமாக வையுங்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

பதிவுக்கு ஃபாரம் 20, விற்பனைச் சான்றான ஃபாரம் 21, தகுதிச் சான்றான ஃபாரம் 22, இன்சூரன்ஸ், பில். எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். முன்னெழுத்து முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால் ராமநாதபுரம் டிஎன் 65 எண் கைக்கு வர நாள் இழுக்கும். ஃபாரம் 21-ல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். போன வருடம் தயாரித்து இந்த வருடம் தரும் கார் என்றால் மறுவிற்பனையில் ஒரு வருடம் பழையதாகவே கணக்காகும். அதற்கு விலையில் குறைக்கச் சொல்லலாம்.

6. நம் கரைக்கு அந்தக் கார் தாங்குமா

ஊகப் பேச்சில் யாரும் தொடாத பகுதி இது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பேச வேண்டும்.

தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரம் என்ற எண் வெளிவந்தவுடன் குறித்துக்கொள்ளுங்கள். விதிப்படியான வேகத்தடையின் உயரமே 100 மில்லிமீட்டர். நம் கிராமச் சாலைகளில் ஊர்க்காரர்களே போட்டவை அதைவிடச் செங்குத்தாக இருக்கும். பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. வேலை நடக்கும் காலத்தில் தாழ்வான காருக்கு மாற்றுப்பாதைகள் சோதனையாக இருக்கும். முகப்பைத் தூக்கும் வசதி அந்த மாடலில் உண்டா என்று பாருங்கள். இருந்தால், கூடுதல் பணம் என்றாலும் வாங்குங்கள்.

உப்புக் காற்று இன்னொன்று. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் வீடு என்றால் பிரேக் டிஸ்க், அடிப்பாகப் போல்ட்டுகள், சைலன்சர் இணைப்புகள் சீக்கிரம் துருப்பிடிக்கும். அரிச்சல்முனை வரை போய்வந்தால் அன்றைக்கே அடிப்பாகத்தைக் கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரில் என்பது முக்கியம். நம் மாவட்டத்தில் பெரும்பாலான போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவினால் துருவுக்குத் தீனி போட்டது மாதிரி. ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீர் அதைவிட உப்பு. காவிரித் தண்ணீர் வாளியில் எடுத்தாவது கடைசி அலசு அலசுங்கள். தனுஷ்கோடிச் சாலையில் காற்று மணலைச் சாலை மேல் கொண்டுவந்து போடும்; ஓரமாக நிறுத்தலாம் என்று மணலில் ஒரு சக்கரம் இறக்கினாலும் தாழ்வான கார் அடிப்பாகம் தட்டி நின்றுவிடும்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அந்தக் கார் இதற்கு ஏற்றதா என்பதைக் கையேட்டில் எழுதியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் மையம் எங்கே என்பதும் பெரிய கேள்வி. மதுரையே ராமநாதபுரத்திலிருந்து 110 கிலோமீட்டருக்கு மேல். சில நிறுவனங்களுக்குச் சென்னையோ கொச்சியோதான். தட்டையான மேடை உள்ள மீட்பு வண்டி எவ்வளவு தூரம் வரை இலவசம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். கொக்கி போட்டு இழுக்கும் வண்டியை இப்படிப்பட்ட காருக்கு அனுமதிக்காதீர்கள்.

7. இன்சூரன்ஸும் டெலிவரி மாதமும்

புதுக் காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு 3 ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டாயம். 1,500 சிசிக்கு மேல் என்றால் அது மட்டும் 24,596 ரூபாய். சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டை வெளியில் விலை கேட்டு எடுக்கலாம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் ஜீரோ டெப், இன்ஜின் பாதுகாப்பு, முழு பில் தொகையும் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ், இந்த மூன்றும் நம் கரைக்கு வேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை மறக்க முடியாது. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரணப் பாலிசி கைவிரித்துவிடும்.

முடிந்தால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெலிவரியைத் தவிருங்கள். மழை ஒரு காரணம், ஆண்டுக் கடைசித் தயாரிப்பு இன்னொரு காரணம். ஜனவரித் தயாரிப்பை வாங்கினால் இரண்டும் தீரும். எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போய், சேஸி எண்ணின் 17 எழுத்துகளையும் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் எந்த வாரம், எந்த ஆண்டு தயாரித்தது என்று சொல்லும். கப்பலில் வந்த கார் என்பதால் கதவு விளிம்பிலும் அடிப்பாகத்திலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பதிவு முடியும் முன்பே முழுப் பணத்தையும் கேட்பார்கள். குறை எதையாவது கண்டால் பணம் போகும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

8. பணம் சிக்கினால்

முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தால் முதலில் டீலருக்கும் கார் நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். போன் பேச்சு சாட்சிக்கு நிற்காது. அடுத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; ஷோரூம் சென்னையில் இருந்தாலும் ராமநாதபுரத்திலேயே நடத்தலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. ரசீது, நிபந்தனைத் தாள், வங்கிப் பரிமாற்ற விவரம், அந்த மாடலைப் பற்றி ஷோரூம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், எல்லாவற்றையும் தேதி வரிசையில் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.